இரண்டு சபாபதிகள்

எண்ணூரில் எங்கள் பங்கு இளைஞர்களுக்கு ஞாயிறு திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி சொல்லிக் கொடுப்பது, ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய எனக்கு வாய்த்த சிறு பணி. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் நான் உள்ளே நுழைந்தபோது, ஓர் இளைஞன் எழுந்து நின்று, ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கும் முதியவரின் நடையையும் பேச்சையும் அச்சாகச் செய்து காட்டிக்கொண்டிருந்தான். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கையில் துடைப்பத்துடன் வாசற்படியில் நின்ற அந்த முதியவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எல்லாரும் அடங்கினர். முன்வரிசையில் இருந்த வேறொருவன் சற்றுக் குறும்பாகவே கேட்டான்: "சார், இந்த மாதிரி சிரிக்கிறதையும் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?"

ஆசிரியர்களுக்குக் கைவந்த விடை ஒன்று எப்போதும் நாக்கின் நுனியில் இருக்கும். "பிறரைப் புண்படுத்தினால் பாவம். புண்படுத்தாவிட்டால் பாவமில்லை" என்றேன். அவன் விடவில்லை. "அவர் புண்பட்டாரா இல்லையான்னு எப்படி சார் தெரியும்? அவரும்தானே சிரிச்சாரு?"

அன்றைய பாடத்தைத் தொடங்கி அக்கேள்வியைக் கடந்துவிட்டேன். ஆனால் அது என்னைக் கடந்து போகவில்லை. கேலிக்கு ஆளானவரே சிரிக்கும்போது, அச்சிரிப்பு நமக்குத் தரப்பட்ட மன்னிப்பா? அன்று இரவு இதை எண்ணிக்கொண்டிருந்தபோது, இறையியல் நூல் எதுவும் முதலில் நினைவுக்கு வரவில்லை. ஒரு பழைய திரைப்படமே வந்தது.

அது 1941ஆம் ஆண்டு வெளிவந்த 'சபாபதி'. பம்மல் சம்பந்த முதலியாரின் மேடை நாடகத்தை ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் சேர்ந்து படமாக்கினர். ஏ.வி.எம். என்ற மூன்றெழுத்து தமிழ்நாட்டு வீடுகளில் நிலைபெறுவதற்கு இந்தப் படமும் ஒரு காரணம். கதையென்று பெரிதாக ஒன்றுமில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளை சபாபதி முதலியார்; நல்ல மனம், மந்த புத்தி; பரீட்சையில் தேறாதவர். அவருக்கு ஒரு வேலைக்காரன். அவன் பெயரும் சபாபதி, அறிவிலும் எசமானனுக்கு இளைத்தவனல்லன். முதலியாராக டி. ஆர். இராமச்சந்திரனும் வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் தமிழ் வாத்தியாராகக் கே. சாரங்கபாணியும் நடித்தனர். அறிவுள்ள மனைவி சிவகாமி ஒருத்தி வந்து வாய்க்கிறாள். சோப்பு விளம்பரத்தால் அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த பத்மா அந்த வேடத்தை ஏற்றார். அவள் கணவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து அவனைத் தேற வைக்கிறாள். இவ்வளவுதான் கதை. உலகப் போர் கீழ்த்திசைக்கும் பரவிய அந்த 1941 டிசம்பரில், நாளை என்ன ஆகுமோ என்ற அச்சத்தின் நடுவே, சென்னை மக்கள் கொட்டகையில் அமர்ந்து இந்த இரு மூடர்களையும் பார்த்துச் சிரித்தார்கள்.

சம்பந்த முதலியார் ஒருவகையில் எங்களுக்கு அண்டை வீட்டுக்காரர். 1873இல் பிறந்து 1964வரை வாழ்ந்த அவருக்கு வீடு ஜார்ஜ் டவுனின் ஆச்சாரப்பன் தெருவில். இராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வழக்கறிஞராயிருந்து பின்னர் நீதிபதியாகவும் அமர்ந்தவர். நாடகம் ஆடுவோரைக் கூத்தாடிகள் என்று வீட்டுத் திண்ணையில்கூட ஏற்றாத காலத்தில், 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களையும் பதவியில் இருந்தவர்களையும் அரிதாரம் பூச வைத்தார். சத்தியமூர்த்தி போன்றவர்கள் அந்தச் சபையின் மேடையில் ஏறியிருக்கிறார்கள். அவர் எழுதிய நாடகங்கள் தொண்ணூற்றுக்கு மேல். 'மனோகரா' போன்ற கண்ணீர் நாடகங்களோடு, 'சபாபதி'யையும் தனித்தனிப் பாகங்களாக எழுதிக்கொண்டே போனார். அந்த மூடர்களை விட்டுப் பிரிய அவருக்கே மனம் வரவில்லை போலும்.

மேட்டுக்குடியினரின் நடையுடை பாவனைகளையும் பாசாங்குகளையும் அவர்கள் கண்முன்னாலேயே மேடையில் நிறுத்திக் கேலி செய்யும் இவ்வகை நாடகத்துக்கு மேல்நாட்டில் பெரிய தலைமுறை உண்டு. பிரான்சு நாட்டு மொலியேர் 1670இல் எழுதிய ஒரு நாடகத்தில், பணம் சேர்ந்துவிட்ட துணி வணிகரின் மகன் ஒருவர் பெரிய மனிதராக ஆசைப்பட்டு, நடனத்துக்கு ஒருவர், வாள்வீச்சுக்கு ஒருவர், மெய்யியலுக்கு ஒருவர் என்று வாத்தியார்களை அமர்த்திக்கொண்டு படாதபாடு படுவார். நம் சபாபதி முதலியாருக்கு அவர் தூரத்து உறவு. மொலியேர் இயேசு சபையார் பள்ளியில் படித்தவர் என்பதும், 1673இல் அவர் இறந்தபோது நடிகர் என்ற காரணத்தால் திருச்சபை முறையான அடக்கம் தரத் தயங்க, பாரிசு பேராயரின் இசைவு பெற்று இரவு நேரத்தில் புதைக்கப்பட்டார் என்பதும் நாம் மறைக்க வேண்டியவை அல்ல. சிரிக்க வைப்பவரிடம் நம் திருச்சபை எப்போதும் இயல்பாக இருந்ததில்லை.

ஆனால் தமிழ்நாட்டில் கதை வேறு. மூட எசமானனும் மூட ஊழியர்களும் என்ற வேடிக்கையைத் தமிழ் உரைநடையில் நிலைநாட்டியவரே நம்மவர். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை நாம் எல்லாரும் பள்ளிப் பருவத்தில் கேட்டிருக்கிறோம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர். அவர்களுக்கு ஏற்ற குரு. ஆற்றைக் கடந்தபின் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று அவர்கள் அழும்போது சிரிக்காத குழந்தை உண்டா? 'தேம்பாவணி' பாடிய அதே கை எழுதியது இது. 1822இல் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் இலண்டனில் இதை அச்சிட்டார். அக்கதையில் குருவும் சீடரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். சீடர்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் நாம், அவர்களை நம்பும் குருவைப் பார்த்துச் சிரிப்பதில் போய் முடிகிறோம்.

சம்பந்த முதலியார் ஒரு படி மேலே போய் இருவருக்கும் ஒரே பெயரை வைத்தார். இதை நான் நெடுநாள் வெறும் வேடிக்கை என்றே நினைத்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பின் ஒரு ஞாயிறன்று வகுப்பில் அந்தப் படத்தின் சில காட்சிகளைக் காட்டினேன். எண்பது ஆண்டுகள் கடந்த கருப்பு வெள்ளைப் படம். கைப்பேசியில் வளர்ந்த பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார்கள். "யாரைப் பார்த்துச் சிரித்தீர்கள்?" என்று கேட்டேன். பாவசங்கீர்த்தனக் கேள்வி கேட்ட அதே பையன், "ரெண்டு பேருமே லூசு சார், அதான்" என்றான்.

அவன் சொன்னது முழு உண்மை. வேலைக்காரன் சபாபதியின் முட்டாள்தனம் எதில் இருக்கிறது? சொன்னதைச் சொன்னபடியே செய்வதில். "சோடா உடைத்துக்கொண்டு வா" என்பது எசமானர்களின் பேச்சு. கோலிக் குண்டை அழுத்தித் திறப்பதைத்தான் அவர்கள் 'உடை' என்கிறார்கள். சொல்லை நேர்ப்பொருளில் எடுப்பவன் புட்டியையே உடைப்பான். தன் கீழ்ப்படிதலால் அவன் எசமானனின் பேச்சில் இருக்கும் ஓட்டையைக் காட்டிவிடுகிறான். ஏவுகிறவர் தம் மனத்தில் இருப்பதெல்லாம் ஏவப்படுபவருக்குத் தானே விளங்க வேண்டும் என்று எண்ணுகிறார். அது விளங்காதபோது மூடன் என்கிறார். இந்த நாடகத்திலோ அந்த எசமானனுக்கும் வாத்தியார் சொல்வது விளங்குவதில்லை. மேலே ஒருவர் முன் அவர் நிற்கும் நிலையில்தான், கீழே ஒருவன் அவர் முன் நிற்கிறான்.

இன்னொன்றும் உண்டு. எழுதியவர் முதலியார். மூடனாக மேடையேறியவரும் முதலியார். சபையின் முன்வரிசை நாற்காலிகளில் அமர்ந்து பார்த்தவர்கள் அதே வகை வீடுகளிலிருந்து, அதே வகை வேலைக்காரர்களை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். ஆசிரியர் தம் வீட்டுக் கூடத்தைத்தான் மேடையில் வைத்தார். படமாக வந்தபோது இன்னொரு நன்மை நேர்ந்தது. மேடையில் வேலைக்காரன் வேடம் கனவான்களின் பொழுதுபோக்கு. திரையில் அது பாய்ஸ் கம்பெனியில் பழகி வந்த தொழில் நடிகர் காளி ரத்தினத்தின் கைக்கு வந்தது. அந்த வேலைக்காரனுக்கும் ஒரு காதல் உண்டு, சி. டி. ராஜகாந்தம் நடித்த வேலைக்காரி உண்டு. எசமானன் சபாபதி ஒரு மனைவியைப் பெறும் அதே படத்தில், வேலைக்காரன் சபாபதிக்கும் ஒரு வீடு அமைகிறது. படம் பார்ப்பவர் அவனைப் பார்த்துச் சிரித்த அளவுக்கு அவனோடு சேர்ந்தும் சிரிக்கிறார்.

ஆகவே ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டதாக எண்ணி மகிழ்ந்தேன். தன்னையும் தன் வீட்டையும் கேலியின் வட்டத்துக்குள் வைத்துக்கொண்டு சிரிப்பவன் குற்றமற்றவன். வட்டத்துக்கு வெளியே நின்று விரல் நீட்டிச் சிரிப்பவன் குற்றவாளி. அழகான அளவுகோல். எங்கள் ஊரை நினைத்தால் அதன் தேவையும் புரியும்.

தமிழ்த் திரையில் சிரிப்பு வேண்டுமென்றால் வடசென்னைப் பேச்சைக் கொண்டுவா என்று ஒரு வழக்கம் நிலைத்துப் போனதை நாம் அறிவோம். சந்திரபாபு, தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன் என்று பெரிய வரிசை அது. அவர்களில் சந்திரபாபு தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பனிமய மாதாவின் பெயரையும் தம் பெயரில் சுமந்தவர் என்பதை நம் வாசகர்கள் பலர் அறிந்திருக்கலாம். அவர்கள் கலைஞர்கள், பலர் அந்தப் பேச்சை அன்போடுதான் பேசினார்கள். ஆனால் கதையில் அது யார் வாயில் வைக்கப்பட்டது? ரிக்‌ஷாக்காரன், திருடன், குடிகாரன், வேலைக்காரி. நீதிபதியோ மருத்துவரோ அதைப் பேசியதாக எனக்கு நினைவில்லை. அந்தப் பேச்சை இழிவென்று சிரிப்பவர்கள் அதன் சொற்களை எடுத்துப் பார்த்ததில்லை. 'குந்து' என்பது நல்ல தமிழ். 'துட்டு' டச்சுக்காரர்களின் நாணயப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். 'கஸ்மாலம்' பகவத் கீதையிலேயே காணும் வடசொல். துறைமுகத்தில் வந்து இறங்கிய மொழிகளையெல்லாம் சுமைதூக்கிகள் தங்கள் நாவிலும் சுமந்தார்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் வரலாறு. (2002இல் கமல்ஹாசன் நடித்த நகைச்சுவைப் படம் ஒன்றுக்கு 'பம்மல் கே. சம்பந்தம்' என்று பெயர். அதில் அவர் இந்தச் சென்னைப் பேச்சைப் பேசும் சண்டைக் கலைஞர். நாடகத் தந்தையின் பெயர் அப்படி எங்கள் பக்கமே திரும்பி வந்தது எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.)

வட்டத்துக்குள் நிற்பவனின் சிரிப்பு குற்றமற்றது என்றேன். நான் வட்டத்துக்குள் பிறந்தவன். எண்ணூர்க் கழிமுகத்தில், கொசத்தலையாறு கடலில் சேரும் இடத்தில், இறாலும் மீனும் பிடித்து எங்களை வளர்த்தவர் என் தகப்பன். அவருக்குச் சிரிப்பென்றால் உயிர். திருவொற்றியூர்க் கொட்டகையில் பழைய படங்களைத் திரும்பப் போடுவார்கள். 'சபாபதி'யை எத்தனை முறை பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை. குப்பத்தில் யாராவது கல்யாணம், திருவிழா என்றால், தோளில் இருக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, முதுகை வளைத்து, காளி ரத்தினமாகவே மாறிவிடுவார். பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்களைத் துடைத்துக்கொள்வார்கள். வேலைக்காரனைப் பார்த்து அவ்வளவு சிரித்த அவர், பிறர் ஏவலைக் கேட்டே வாழ்ந்தவர்களின் பிள்ளை.

1970இல் எங்கள் ஊரில் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் நான் நகரத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து விடுதியில் தங்கினேன். முதல் வாரத்திலேயே என் பேச்சுக்கு ஒரு கூட்டம் சேர்ந்தது. நான் வாயைத் திறந்தால் சிரிப்பு. பிறகு நானே வேண்டுமென்று பேசிச் சிரிக்க வைத்தேன். அவர்கள் சிரிக்குமுன் நான் சிரித்தேன். எவனும் என்னைப் புண்படுத்தவில்லை என்று எவரும் சாட்சி சொல்லலாம், நானும்தானே சிரித்தேன்! அப்புறம் அந்தப் பேச்சை மெல்ல மெல்ல விட்டேன். இரண்டாம் ஆண்டில், என்னைப் பார்த்து எவரும் எண்ணூர் என்று சொல்லிவிட முடியாது. அப்போதும் நண்பர்கள் கேட்டால் குப்பத்துப் பேச்சைப் பேசிக் காட்டுவேன். அது இப்போது என் பேச்சு அல்ல. நான் செய்யும் வேடிக்கை.

ஒரு மாலை நாங்கள் நால்வர் விடுதி வாசலில் நின்றிருந்தோம். அப்பா வந்தார். வெயிலில் வெளுத்த சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் துண்டு, கையில் கருவாட்டுப் பை. அதன் மணம் அவருக்கு முன்பே வந்தது. "இன்னா கண்ணு, நல்லாக்கீறியா?" என்றார். நண்பர்களின் முகத்தில் அந்தச் சிரிப்பு அரும்புவதைப் பார்த்தேன். ஒருவன் "யாருடா இது?" என்றான். எங்கள் பக்கத்தில் தகப்பனை 'நைனா' என்போம். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். நான் என் புதிய தமிழில், தெளிவாக, "வீட்டில் வேலை செய்கிறவர். கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்" என்றேன்.

அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். முதுகு சற்று வளைந்தது. பையை இரண்டு கையாலும் நீட்டி, "ஆமாங்க தம்பி. அம்மா குடுத்து அனுப்ச்சாங்க. அப்ப நான் வரேங்க தம்பி" என்று சிரித்தார். நண்பர்களும் சிரித்தார்கள். நானும்.

இராயபுரத்தில் புனித பேதுருவின் ஆலயம் இருக்கிறது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே உயிரைப் பணயம் வைத்துச் சரக்கு ஏற்றி இறக்கிய படகோட்டிகள் 1829இல் கட்டியது. பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். ஊர்ப் பெயரே அவரிடமிருந்து வந்தது என்பார்கள். ஜூன் 29ஆம் நாள் திருவிழாவுக்கு அப்பா எங்களை அங்கே அழைத்துப் போவார். மீனவர் என்பதால் அவர் 'நம்மாளு'. அந்த இராயப்பரை எது காட்டிக்கொடுத்தது என்று மத்தேயு நற்செய்தி சொல்கிறது: அவர் பேச்சு. தலைமைக் குருவின் முற்றத்தில் முதலில் அவரை அடையாளம் கண்டு சொன்னவள் ஒரு பணிப்பெண். இறுதியில் அங்கு நின்றவர்கள், கலிலேயாக்காரன் நீ என்பதை உன் பேச்சே சொல்கிறது என்றார்கள். எருசலேம் நகரத்தாருக்குக் கலிலேயப் பேச்சு, நம் நகரத்தாருக்கு எண்ணூர்ப் பேச்சு போலத்தான் இருந்திருக்கும். இராயப்பர் மறுதலிக்க வாயைத் திறக்கத் திறக்க, அந்த வாயே அவரை மீனவர் என்று சொல்லிவிட்டது. என் பேச்சில் அப்படி ஒன்றும் மிச்சமில்லை. என் மறுதலிப்பு வெற்றி பெற்றது. சேவல் எதுவும் கூவவில்லை.

ஆகவே என் அழகான அளவுகோல் முறிந்துவிட்டது. வட்டத்துக்கு வெளியே இருந்து சிரித்த என் நண்பர்கள், அறியாத பிள்ளைகள். வட்டத்துக்குள் பிறந்தவனின் சிரிப்புதான் கொடியதாயிற்று. வெளியே போகும் வாசலாக நான் அதைப் பயன்படுத்தினேன்.

ஓய்வுபெற்ற பின்னரே புனித தாமஸ் அக்குவினாசின் இறையியல் தொகுப்பில் சிரிப்பைப் பற்றிய பகுதிகளை நான் தேடிப் படித்தேன். இப்புனிதர் சிரிப்புக்குப் பகைவர் அல்லர். விளையாட்டிலும் வேடிக்கையிலும் அளவறிந்து நிற்பது ஒரு நற்பண்பு என்று, அரிஸ்டாட்டிலிடமிருந்து ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்து ஆண்டு, தனி வினாவே எழுதியிருக்கிறார். சீடரோடு விளையாடிக்கொண்டிருந்த யோவான் திருத்தூதரைக் கண்டு ஒருவர் இடறல்பட்டாராம். யோவான், வில் வைத்திருந்த ஒருவரை அழைத்து அம்பெய்யச் சொல்லி, ஓயாமல் எய்துகொண்டே இருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனமும் அப்படித்தான் என்றாராம் யோவான். இந்தப் பழங்கதையையும் அக்குவினாஸ் எடுத்துக்காட்டுகிறார். சிறிதும் மகிழ்வூட்டாமல், பிறர் மகிழ்வையும் கெடுக்கும் மூஞ்சிகளுக்கும் குற்றம் உண்டு என்கிறார். (நம் பங்குகளில் சிலருக்கு இதை வாசித்துக் காட்ட ஆசை.) ஆனால் வேடிக்கை என்னவென்றால், அரிஸ்டாட்டில் புகழ்ந்த அதே கிரேக்கச் சொல்லைத்தான் பவுலடியார் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் தகாத பேச்சுகளின் வரிசையில் சேர்க்கிறார். சிரிப்பின் இரு முகங்களும் ஒரே சொல்லில் இருக்கின்றன, இரு சபாபதிகளும் ஒரே பெயரில் இருப்பதுபோல.

ஏளனத்தைப் பற்றி அக்குவினாஸ் தனியே எழுதிய இடம் வேறு. வசை ஒருவரின் மதிப்பைக் குறிவைக்கிறது, புறங்கூறல் அவர் நற்பெயரைக் குறிவைக்கிறது, ஏளனமோ அவரை வெட்கப்படச் செய்வதைக் குறிவைக்கிறது என்கிறார். பின்பு ஒரு நுட்பமான வேறுபாடு. ஒருவரின் குறையைப் பார்த்து நாம் சிரிப்பது, அந்தக் குறை அற்பமானது என்பதாலா, அந்த ஆள் அற்பமானவர் என்பதாலா? முன்னது சிறு பாவம், சில வேளை வெறும் விளையாட்டு. பின்னது, சிறு குழந்தையின் துன்பத்தையும் பேதையின் துன்பத்தையும் ஒரு பொருட்டாக எண்ணாமல் விடுவதுபோல, இந்த ஆளுக்கு என்ன நேர்ந்தாலும் எனக்கென்ன என்று அவரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவது. அது பெரும் பாவம் என்கிறார். அதன் தரவரிசையையும் சொல்கிறார். கடவுளை ஏளனம் செய்வது முதலாவது. அடுத்தது பெற்றோரை. நூலகத்தில் அந்த வரியைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறைக்கல்வி வகுப்பில் கேள்வி கேட்ட பையனுக்கு இதில் பாதி விடை உண்டு. கேலிக்கு ஆளானவர் புண்பட்டாரா என்று அவர் முகத்தில் தேடவேண்டியதில்லை. சிரித்த எனக்குள், அந்தச் சிரிப்பு முடிந்த நொடியில், அவர் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்தால் போதும். இரு சபாபதிகளையும் பார்த்துச் சிரித்து முடித்தபின் அவர்கள் இருவரும் என் மனத்தில் அப்படியே இருக்கிறார்கள். அவர்களுக்குத் திருமணமாக வேண்டும், பரீட்சையில் தேறவேண்டும் என்று நான் விரும்புகிறேன். விடுதி வாசலில் நான் சிரித்து முடித்தபோது, தெருமுனை வரை நடந்து போன மனிதர் யார் என்பதே எனக்கு மறந்திருந்தது. இதை வகுப்பில் அவனுக்குச் சொன்னேன். விடுதியை மட்டும் சொல்லவில்லை.

மற்றப் பாதிக்கு என்னிடம் விடையில்லை. அந்த முதியவர் வாசற்படியில் நின்று ஏன் சிரித்தார்? படைவீரர்கள் செவ்வாடை போர்த்தி, முள்முடி சூட்டி, மண்டியிட்டு விளையாடியபோது ஆண்டவர் சிரித்ததாக எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை. அவர் பேசாமல் இருந்தார். ஆனால் ஏழைகள் சிரிக்கிறார்கள். அது பணிவா, தற்காப்பா, எதிரே நிற்கும் பிள்ளையின் வெட்கத்தை மறைக்க எடுத்துப் போர்த்தும் துணியா?

1980களில் ஒரு ஞாயிறு மாலை, தூர்தர்சனில் 'சபாபதி' போட்டார்கள். நான் அப்போது ஆசிரியர் வேலையில் இருந்தேன். அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி என் சம்பளத்தில் வாங்கியது. குப்பத்துப் பிள்ளைகள் தரை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்த அப்பா, ஒவ்வொரு காட்சிக்கும் முன்னாலேயே சிரித்தார். விடுதி வாசலைப் பற்றி அதுவரை அவர் ஒரு சொல் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. திரையில் காளி ரத்தினம் துண்டோடு வளைந்து நின்றபோது, அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அன்னிக்கு நான் இவரைவிட நல்லா செஞ்சேன் இல்லடா?"

என்னால் பேச முடியவில்லை. அடுப்பருகிலிருந்து அம்மா, "எதைச் சொல்றே?" என்று கேட்டாள்.

"படத்தைத்தாம்மே" என்று அப்பா சிரித்தார்.